பாட்டிலுக்குள்ள இருக்கறது என்ன? கர்னல் ராம் நாத் சோப்ராவின் கதை

எங்க ஊர் ரெட்டிபாளையம், அரியலூர் மாவட்டம். சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, ராத்திரி பகல் ஓடுற லாரி, லாரி கிளப்புற புழுதி. இருமல் மருந்து பாட்டில் இல்லாத வீடு எங்க தெருவில் கிடையாது. 2025 ஆயுதபூஜை லீவுக்கு நான் ஊருக்குப் போயிருந்த நேரம், டிவி முழுக்க ஒரே செய்திதான். மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த சின்னக் குழந்தைகள் கிட்னி செயலிழந்து வரிசையா இறந்துகிட்டு இருந்தாங்க. மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சாம்பிள் எடுத்துச் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம்னு விட்டிருக்கும் அளவு 0.1 சதவீதம். கடைசியில் இறந்த குழந்தைகள் 20க்கும் மேல்.

அக்கா பையனுக்கு மூணு வயசு. அக்கா ஃப்ரிட்ஜ் கதவில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்து, நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, இது நல்ல மருந்தான்னு பார்த்துச் சொல்லுன்னா. லேபிளைப் படிச்சேன். போனில் தேடினேன். செய்தியில் வந்த பிராண்ட் இது இல்லைன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. அக்கா கேட்டது அது இல்ல.

வேடிக்கை என்னன்னா, என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டே மருந்துகளின் பக்கவிளைவு பற்றித்தான். ஒரு மருந்தைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் தேடி எடுத்து, அதில் என்னென்ன கெடுதல் பதிவாகி இருக்குன்னு பிரிச்சுத் தரும் ஒரு சாஃப்ட்வேர். அதுக்காக முறையான மதிப்பாய்வு எப்படிப் பண்றாங்கன்னு ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சோம். முதலில் கேள்வியை எழுதி வைக்கணும். எங்கே தேடுவோம், எதைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம்னு தேடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். கண்ணில் பட்ட நாலு கட்டுரையை எடுத்துக்கக் கூடாது, நமக்குப் பிடிக்காத முடிவு சொன்னதையும் சேர்க்கணும். ரெண்டு பேர் தனித்தனியா உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அப்புறம்தான் ஒப்பிட்டுப் பார்க்கணும். ஒவ்வொரு ஆய்வும் எவ்வளவு நம்பத்தக்கதுன்னு எடை போட்ட பிறகே கூட்டிப் பார்க்கலாம்.

இதெல்லாம் கத்துக்கிட்டும் அக்காவுக்குப் பதில் சொல்ல முடியல. அப்புறம்தான் விளங்கிச்சு, அவள் கேட்டது ஒரு கேள்வி இல்ல, ரெண்டு. இந்த மருந்து உடம்புக்கு நல்லதா என்பது ஒண்ணு. இந்த பாட்டிலுக்குள்ள இருக்கறது அந்த மருந்துதானா என்பது இன்னொண்ணு. எங்க ப்ராஜெக்ட் முதல் கேள்வியோடு நின்னுபோச்சு. உலகத்துல இருக்கற எல்லா ஆய்வையும் படிச்சு முடிச்சாலும், பாட்டிலில் வேற ஏதோ இருந்தா அந்தப் படிப்புக்கு அர்த்தமே இல்ல. நம்ம நாட்டில் இந்த ரெண்டு கேள்வியையும் சேர்த்து முதலில் பிடிச்சவர் யார்னு தேடினப்போ கிடைச்ச பெயர் ராம் நாத் சோப்ரா. ஃபார்மசி படிக்கும் நண்பர்களுக்கு இவரை நல்லாத் தெரியும், இந்திய மருந்தியலின் தந்தைன்னு பாடத்தில் வருவார். 1983ல் தபால்தலை கூட வந்திருக்கு. நம்ம மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியல.

சோப்ரா 1882 ஆகஸ்ட் 17ஆம் தேதி குஜ்ரன்வாலாவில் பிறந்தார். இன்னைக்கு அது பாகிஸ்தானில் இருக்கு. லாகூரில் கல்லூரி, பிறகு 1903ல் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ், டௌனிங் கல்லூரி. அங்கே வால்டர் டிக்சன் என்ற பேராசிரியரிடம் வேலை பழகினார். அந்தக் காலத்தில் மருத்துவ மாணவர்கள் மருந்தைப் பற்றிப் படிப்பது என்றால் பெயர், நிறம், மணம், அளவு, எந்த நோய்க்கு என்று மனப்பாடம் செய்வதுதான். நம்ம வைவா மாதிரி. டிக்சன் அப்படி இல்லை. மருந்தை ஒரு விலங்குக்கோ, உயிரோடு எடுத்து வைத்த ஓர் உறுப்புக்கோ கொடுத்து, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் மூச்சுக்குழலும் என்ன ஆகுதுன்னு அளந்து பார்க்கும் புதுக் கூட்டத்தைச் சேர்ந்தவர். சோப்ராவுக்கு அந்தப் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

1908ல் இந்திய மருத்துவப் பணியில், அதாவது ஐ.எம்.எஸ்.ஸில் சேர்ந்தார். ராணுவ டாக்டர். முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்கா, அதுக்கு அப்புறம் ஆப்கன் போர். பட்டாளத்தில் கழிந்த இந்த வருஷங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போறதில்ல. அவருடைய உண்மையான கதை 1921ல், 39ஆவது வயதில், கல்கத்தாவில்தான் தொடங்குது. அங்கே புதுசா ஆரம்பிச்சிருந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் முதல் மருந்தியல் பேராசிரியர். பக்கத்திலேயே கார்மைக்கேல் மருத்துவமனை. மேசையில் பரிசோதனை, வார்டில் நோயாளி, ரெண்டும் ஒரே வளாகத்தில். இந்த வசதி அன்றைய இந்தியாவில் வேற யாருக்கும் பெரிசா வாய்க்கல.

முதலில் அவர் கையில் எடுத்தது நாட்டு மருந்துகளை. ஆயிரக்கணக்கான செடிகள், ஒவ்வொண்ணுக்கும் பத்து நோய் தீரும்னு பழைய ஏடுகளிலும் வெள்ளைக்கார டாக்டர்கள் எழுதின புத்தகங்களிலும் குறிப்பு. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் எடுத்து எழுதி, அதை மூணாவது ஆள் எடுத்து எழுதி, கடைசியில் பத்து புத்தகத்தில் இருக்கேன்னு நாம நம்பிடுவோம். மூலம் பார்த்தா ஒரே ஆள் ஒரே ஒரு தடவை பார்த்ததா இருக்கும். (எங்க ப்ராஜெக்டிலும் இதே வம்பு வந்தது. ஒரே நோயாளிகளை வெச்சு அஞ்சு கட்டுரை. எண்ணினால் அஞ்சு, உண்மையில் ஒண்ணு.)

சோப்ரா இதை ஒரு ஒழுங்கில் கொண்டுவந்தார். முதல் படி, செடி எது என்று உறுதி செய்வது. கேட்க சின்ன வேலையாத் தெரியும், ஆனா பாதிக் குழப்பம் இங்கேதான். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு செடி. நம்ம பக்கத்துலயே குடசப்பாலைப் பட்டையும் வெட்பாலைப் பட்டையும் கடையில் மாறிப் போறது பழைய கதை. சீதபேதிக்குக் கொடுக்க வேண்டியது குடசப்பாலை. மாறிப்போன பட்டையை வெச்சு நீங்க ஆயிரம் பரிசோதனை செய்தாலும் அந்த டேட்டா குப்பைதான். அடுத்து, அந்தச் செடியில் என்ன வேதிப்பொருள் இருக்குன்னு பிரித்து எடுப்பது. அப்புறம் விலங்குகளில் அதன் வேலையும் விஷத்தன்மையும். அதுவும் தேறினால்தான் வார்டில் நோயாளிக்கு. கடைசியா, இதை மலிவா நாட்டிலேயே தயாரிக்க முடியுமா என்ற கணக்கு.

இப்படிப் பார்த்ததில் சில தேறின. குடசப்பாலை அமீபா பேதியில் உதவுது என்பதற்கு அவருடைய ஆட்கள் ஆதாரம் சேர்த்தாங்க. நம்ம பாட்டிமார்கள் இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடையில் வாசிசின் என்ற பொருள் மூச்சுக்குழலை எப்படி விரிக்குதுன்னு 1920களிலேயே அவருடைய லேபில் பார்த்தாங்க. இன்னைக்கு இருமல் சிரப் லேபிளில் ப்ரோம்ஹெக்சின் என்று இருக்கே, அது பின்னால் வாசிசினில் இருந்து பிறந்ததுதான். நிறைய செடிகள் தேறவில்லை. அதையும் அவர் எழுதி வைத்தார். 1933ல் வந்த அவருடைய பெரிய புத்தகம் இந்தியாவின் நாட்டு மருந்துகளைப் பற்றியது. அதில் ஒரு பகுதி 2000க்கும் மேற்பட்ட செடிகளின் பட்டியல். எதைப் பற்றி எங்கே யார் என்ன சொன்னார்கள், எது சோதிக்கப்பட்டது, எது வெறும் பேச்சு என்று ஒரே இடத்தில் தேடக் கிடைத்தது அன்றைக்குப் பெரிய விஷயம்.

இது அவர் மட்டும் யோசிச்ச வேலை இல்ல என்பதையும் சொல்லணும். அவருக்கு முன்பே 1918ல் சென்னை மாகாண அரசு டாக்டர் கோமன் என்பவரிடம் நாட்டு மருந்துகளை ஆராயும் பொறுப்பைக் கொடுத்தது. அவர் சென்னை பொது மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதின அறிக்கை வைத்தியர்களைக் கொதிக்க வைத்தது. எங்க முறையையே புரிஞ்சுக்காம தீர்ப்பு எழுதிட்டார் என்பது அவர்கள் பக்க வாதம். அந்தச் சண்டையின் தொடர்ச்சியாத்தான் உஸ்மான் கமிட்டி வந்தது, 1923ல் அறிக்கை கொடுத்தது. இதே புகார் சோப்ரா மேலேயும் உண்டு. வைத்தியர் பத்து சரக்கு சேர்த்துக் கொடுக்கிற மருந்தில் இருந்து ஒரு செடியை மட்டும் உருவி, அதில் இருந்தும் ஒரு ஆல்கலாய்டை மட்டும் உருவிச் சோதித்தால் அது எப்படி எங்க மருந்தாகும்? நியாயமான கேள்விதான்னு எனக்குத் தோணுது. ஆனா அந்தப் பத்து சரக்கையும் சேர்த்தே சோதிக்க வேண்டாம்னு சொல்ல அது காரணம் ஆகாது.

நாட்டு மருந்து ஒரு பக்கம் இருக்க, கப்பலில் வந்து இறங்கின சீமை மருந்து அவருக்கு ரெண்டாவது கேள்வியைக் கொண்டுவந்து கொடுத்தது. டிஜிட்டாலிஸ்னு ஓர் இதய மருந்து. இதில் பலன் தரும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. ஐரோப்பாவில் சரியான வீரியத்தோடு பாட்டிலில் அடைத்தது, நம்ம ஊர் வெக்கையில் மாசக்கணக்கில் கிடந்தால் வீரியம் இறங்கிப்போகுது. டாக்டர் என்ன பண்ணுவார்? வேலை செய்யலையேன்னு அளவைக் கூட்டுவார். அடுத்த முறை புதுச் சரக்கு வந்தால் அதே கூட்டின அளவு விஷம். இதுக்கு ரசாயன முறையில் சுலபமான டெஸ்ட் அன்றைக்குக் கிடையாது, விலங்குகளில் கொடுத்துத்தான் வீரியத்தை அளக்கணும். கல்கத்தாவில் விற்ற பாட்டில்களை வாங்கி அளந்தபோது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவில் நின்றது. லேபிள் எல்லாம் ஒண்ணுதான்.

மருந்துச் சந்தை முழுக்கவே அப்படித்தான் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கு வெள்ளமாக வந்தது. மலேரியாவுக்கு நாடே நம்பியிருந்த குயினைனில் கலப்படம், வீரியக் குறைவு. 1927ல் கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டில் தீர்மானம் வந்து, கொஞ்சம் இழுத்தடித்து, 1930 ஆகஸ்டில் அரசு ஒரு மருந்து விசாரணைக் குழுவைப் போட்டது. தலைவர் சோப்ரா. பம்பாய் ஹாஃப்கைன் நிறுவனத்தில் இருந்த ஜேசுசபைப் பாதிரியார் கேயஸ் அதில் ஓர் உறுப்பினர், பாம்பு விஷத்திலும் மூலிகையிலும் கரை கண்டவர்.

அந்தக் குழு வேலை செய்த விதத்தைப் படிக்கும்போது எனக்கு எங்க ப்ராஜெக்டின் முதல் அத்தியாயம் ஞாபகம் வந்தது. கேள்விகளை முதலில் எழுதிக்கொண்டார்கள்: சுத்தமில்லாத, வீரியம் குறைந்த மருந்து எவ்வளவு தூரம் இறக்குமதி ஆகுது, தயாராகுது, விற்குது? கட்டுப்பாடு தேவையா? தேவைன்னா எப்படி? பிறகு அச்சடித்த கேள்வித்தாளை நாடு முழுக்க அனுப்பினார்கள். மாகாணம் மாகாணமாகப் போய் டாக்டர், மருந்து வியாபாரி, தயாரிப்பாளர், அதிகாரி என எல்லா தரப்பிடமும் சாட்சியம் வாங்கினார்கள். லாபம் பார்ப்பவன் சொல்வதையும் கேட்டார்கள், அவன் சொல்வதை மட்டும் நம்பாமல் சாம்பிளின் சோதனை முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1931ல் அறிக்கை வந்துவிட்டது. இத்தனையும் ஒரு வருஷ வேலை.

அவர்கள் கண்ட முக்கியமான விஷயம் மருந்து கெட்டுக் கிடக்குது என்பது மட்டும் இல்லை. சட்டம் அறவே இல்லாத நாடும் இல்லை இது. மருந்தில் கலப்படம் செய்தால் தண்டனைன்னு 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 274, 275, 276 பிரிவுகள் இருந்தன. 1919ல் விஷச் சட்டம் வேறு. ஆனா பிடிபட்டவனிடம், சரியான குயினைன் என்றால் இப்படித்தான் இருக்கணும்னு காட்ட ஒரு கட்டாயத் தரம் கிடையாது. அளந்து சொல்ல அரசு லேபும் கிடையாது. மருந்து கலந்து கொடுப்பவர் படிச்சிருக்கணும் என்ற கட்டாயமும் கிடையாது. நேற்று வரைக்கும் மளிகைக் கடை வைத்திருந்தவர் இன்னைக்கு மருந்துக் கடை போர்டு மாட்டலாம். அதனால் குழு கேட்டது மூணு: நாடு முழுமைக்கும் ஒரே மருந்துச் சட்டம், மத்தியிலும் மாகாணங்களிலும் சோதனைக்கூடம், மருந்தாளர்களுக்கு முறையான படிப்பும் பதிவும்.

அறிக்கை வந்ததும் சட்டம் வந்துடுச்சுன்னு நினைச்சா, நம்ம அரசுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். 1937ல்தான் ஒரு மசோதா தலைகாட்டியது, அதுவும் இறக்குமதிக்கு மட்டும். பத்தாதுன்னு சட்டசபையிலேயே சொன்னார்கள். மருந்து மாகாணங்களின் கையில் இருந்த விஷயம் என்பதால் ஒவ்வொரு மாகாணத்தின் சம்மதமும் வாங்க வேண்டியிருந்தது. அதே 1937ல் கல்கத்தாவில் மருந்துகளைத் தரம் பார்க்கும் ஒரு சின்ன லேப் தொடங்கியது, இன்றைய மத்திய மருந்து சோதனைக்கூடத்தின் ஆரம்பம் அதுதான்.

அந்த வருஷம் அமெரிக்காவில் நடந்ததையும் இங்கே சொல்லியாகணும். சல்ஃபானிலமைடு என்ற நல்ல மருந்து. அதைக் குழந்தைகள் குடிக்கிற மாதிரி சிரப் ஆக்க ஒரு கம்பெனி கரைப்பானைத் தேடியது. கிடைத்தது டைஎத்திலீன் கிளைகால். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதைப் பிரேக் ஆயில் சமாசாரமாகத் தெரிஞ்சிருக்கும். கெட்டியா, இனிப்பா, கிளிசரின் மாதிரியே இருக்கும். உள்ளே போனால் கிட்னியை முடிச்சுடும். 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் நிறைய பேர் குழந்தைகள். மருந்து நல்லது, பாட்டில் கெட்டது. அடுத்த வருஷமே அமெரிக்கா சட்டத்தை மாற்றியது. நம்ம நாட்டில் மருந்துச் சட்டம் 1940 ஏப்ரலில் வந்தது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் 9 வருஷம், விதிகள் வர 1945. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் இந்தச் சட்டத்துக்குள் வர 1964 ஆச்சு. இன்னைக்கும் தயாரிப்பு லைசென்ஸ் கொடுப்பது பெரும்பாலும் மாநிலத்தின் கையில்தான், தரம் சொல்வது மத்தியில்.

இந்த நடுவில் சோப்ரா சும்மா காத்துக்கிட்டு இருக்கல. அபின், கஞ்சா பழக்கம் பற்றி ஊர் ஊராக ஆய்வு நடத்தினார். குழந்தை அழாமல் தூங்கணும்னு வேலைக்குப் போகும் அம்மாக்கள் துளி அபின் கொடுக்கும் வழக்கத்தைக் கூட விடாமல் பதிவு செய்தார். கூடவே ஒரு செடி மேல் அவருடைய லேபின் கண் விழுந்தது: சர்ப்பகந்தா. பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் காலங்காலமாகக் கொடுத்து வந்த வேர். 1931ல் டெல்லியில் சித்திக்கி சகோதரர்கள் அதன் ஆல்கலாய்டுகளைப் பிரித்தார்கள், அதே வருஷம் கல்கத்தாவில் சென், போஸ் இருவரும் ரத்த அழுத்தத்துக்குப் பயன்படுவதை எழுதினார்கள். 1933ல் சோப்ராவும் அவருடைய ஆட்களும் விலங்குகளில் அது ரத்த அழுத்தத்தை இறக்குவதையும் மயக்கம் தருவதையும் அளந்து காட்டினார்கள். 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளின் விவரத்தை பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனி அதில் இருந்து ரிசர்பின் என்ற பொருளைத் தனியே எடுத்தது. உலகம் முழுக்க ரத்த அழுத்த மாத்திரை ஆச்சு.

ஆனா மாசக்கணக்கில் சாப்பிட்டவர்களில் சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்று டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். சோப்ரா லேபில் ஒரு பூனையின் ரத்த அழுத்தத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அதன் மனச்சோர்வு தெரிந்திருக்காது. அவருடைய முறையின் எல்லை இதுதான். அவர் வார்டில் பார்த்தது சில பத்துப் பேரை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து வாங்காத குழு அநேகமாகக் கிடையாது. குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்கும் பெரிய சோதனைகள் 1948க்குப் பிறகுதான் வழக்கமாச்சு, அப்போ அவருக்கு 65 தாண்டிவிட்டது. அவர் காலத்து ஆளை இந்தக் காலத்துச் செக்லிஸ்ட்டில் ஃபெயில் ஆக்குவது சரியில்ல. ஆனா அவர் சொன்னாருங்கறதுக்காக அவருடைய முடிவுகளை இன்னைக்கு அப்படியே எடுத்துக்கறதும் சரியில்ல.

ரிசர்பின் கதை இதோடு முடியல. 1974ல் லான்செட் இதழில் ஒரே சமயத்தில் மூணு ஆய்வுகள் வந்தன: ரிசர்பின் சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம். மூணு ஊரில் மூணு குழு ஒரே முடிவு சொன்னால் யாரும் நம்பத்தானே செய்வோம்? மருந்தின் பெயர் அடிபட்டுப் போச்சு. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. ஏன்னு தோண்டினப்போ ஒரு காரணம் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்து இதய நோய் மாதிரி வியாதி உள்ளவர்களை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் ரிசர்பின் சாப்பிடுவதே பெரும்பாலும் அந்த மாதிரி ஆட்கள்தான். அவர்களை ஒரு பக்கம் மட்டும் நீக்கினால், மறுபக்கம் ரிசர்பின் அதிகமாத்தான் தெரியும். தராசில் ஒரு தட்டில் இருந்து கல்லை எடுத்துட்டு, இன்னொரு தட்டு கனக்குதுன்னு சொன்ன கதை. முறையான மதிப்பாய்வில் ஒவ்வொரு ஆய்வையும் தனித்தனியே குடைந்து பார்க்கச் சொல்வது இதுக்குத்தான். எண்ணிக்கை மூணுன்னு மட்டும் பார்த்தா மாட்டிக்குவோம்.

2009ல் காக்ரேன் அமைப்பு ரிசர்பினை எடுத்துக்கொண்டது. உலக அளவில் இந்த மதிப்பாய்வுகளைச் செய்யும் அமைப்பு, அதன் தெற்காசிய மையம் நம்ம வேலூர் சி.எம்.சி.யில் இயங்கியது. உலகம் முழுக்கச் சலித்துத் தேடி, தனி ரிசர்பினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட தகுதியான சோதனைகள் எத்தனை கிடைத்தன தெரியுமா? 4. அதில் இருந்தவர்கள் மொத்தம் 237 பேர். ரத்த அழுத்தம் இறங்குவது உறுதி. பக்கவிளைவு பற்றி முடிவு சொல்ல டேட்டா போதாது. பல வருஷம் உலகமே விழுங்கின மாத்திரைக்கு இவ்வளவுதான்.

புள்ளியியலில் ஒரு குட்டிக் கணக்கு உண்டு. n பேரில் ஒருத்தருக்கும் அந்தக் கெடுதல் வரவில்லை என்றாலும், உண்மையான அபாயம் 3/n வரைக்கும் இருக்கலாம். இந்த 237 பேரும் ரிசர்பின் எடுத்தவர்கள்னே வெச்சுக்கிட்டு, யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னே வெச்சுக்கிட்டாலும், 79 பேரில் ஒருத்தருக்கு வரக்கூடிய ஆபத்தை இந்தச் சோதனைகளால் மறுக்க முடியாது. அபூர்வமான கெடுதலைப் பிடிக்கச் சோதனைகள் மட்டும் போதாது, மருந்து சந்தைக்கு வந்த பிறகு சாப்பிட்டவங்க சொல்வதையும் சேர்க்கணும். அதுக்குத்தான் 2010ல் நம்ம நாட்டில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் வந்தது, காசியாபாத்தில் இருந்து நடக்குது. மருந்தால் ஏதாவது ஆச்சுன்னு நினைச்சா 1800 180 3024க்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லலாம், காசு கிடையாது. எங்க ப்ராஜெக்ட் டீமில் நாலு பேர், இந்த நம்பர் ஒருத்தருக்கும் தெரியாம இருந்தது.

சோப்ரா 1941ல் கல்கத்தாவை விட்டுக் கிளம்பினார், அதே வருஷம் சர் பட்டம். ஓய்வுன்னு உட்காராமல் ஜம்மு காஷ்மீர் போய் அங்கே ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தைக் கட்டி வளர்த்தார், 1957ல் அது சி.எஸ்.ஐ.ஆர். கைக்குப் போனது. 1946ல் நாட்டு வைத்திய முறைகள் பற்றிய குழுவுக்கும் அவரே தலைவர். 1948ல் வந்த அதன் அறிக்கை ரெண்டு வைத்தியத்தையும் இணைக்கச் சொன்னது, அது ரெண்டு பக்கத்துக்கும் முழுசா இனிக்கல. விஷச்செடிகளைப் பற்றி 1949ல் ஒரு புத்தகம், மருத்துவச் செடிகளுக்கு 1956ல் ஓர் அகராதி. கடைசி வரைக்கும் பட்டியல் போட்டுக்கிட்டே இருந்த மனுஷன்.

1973 ஜூன் 13ஆம் தேதி, 90 வயசில் இறந்தார். அதே 1973ல் சென்னையில் பாராசிட்டமால் சிரப் குடித்த 14 குழந்தைகள் இறந்தார்கள். சிரப்பில் இருந்தது டைஎத்திலீன் கிளைகால். 1986ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்து வந்து 14 பேர். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகர் பக்கம் இருமல் மருந்தால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர் லேப் கட்டின அதே ஜம்மு. அப்புறம் சிந்த்வாரா. சட்டம் இருக்கு, லேப் இருக்கு, தரம் எழுதின புத்தகம் இருக்கு. உள்ளே வரும் ஒவ்வொரு டிரம் கரைப்பானையும் திறந்து சோதித்துப் பார்த்த பிறகு சிரப்பில் ஊத்தணும், அந்த ஒரு வேலையைத்தான் யாரோ ஒருத்தர் செய்யல. இதைக் கண்டுபிடிக்கப் புதுசா ஆராய்ச்சி ஒண்ணும் வேண்டாம்.

லீவு முடிஞ்சு கிளம்பும்போது அக்காகிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன். சின்னக் குழந்தைகளின் சாதாரண சளி இருமலுக்கு இந்த சிரப்கள் பெரிசா உதவுதுன்னு காட்ட நல்ல ஆதாரம் கிடையாது, அதனால் டாக்டர் சொல்லாம ஊத்தாதே. இது முதல் கேள்விக்குப் பதில். ரெண்டாவது கேள்விக்கு, எந்த பாட்டில் வாங்கினாலும் தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் நம்பரும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைன்னேன், அதுக்கு மேல வீட்டில் இருந்து சோதிக்க நமக்கு வழி இல்ல. பையனுக்கு நாலு நாளில் இருமல் தானாவே நின்னுடுச்சு. அந்த பாட்டிலை அக்கா தூக்கிப் போடல, காசு கொடுத்து வாங்கினதாச்சே. இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கு, முக்கால் பாட்டில்.